‘ஸ்டெப்’ அடித்தால் லைப்ரரிக்குள் விழுகிறதா? இன்லைன் கோடில் வழி தவறாமல் நடக்க

தண்டையார்பேட்டையில் ஒரு மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சி++ சொல்லித்தருகிறேன். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள்தான் பெரும்பாலும் வருகிறார்கள். புரோகிராமை வரிவரியாக ஓட்டிப் பிழை தேட உதவும் டீபக்கரைத் தொட்ட முதல் வாரத்தில் எல்லோரிடமிருந்தும் ஒரே கேள்வி வரும்: “அக்கா, ஸ்டெப் அடிச்சேன், நான் எழுதாத ஃபைலுக்குள்ள போயிடுச்சு. எப்படி வெளிய வர்றது?”

திரையைப் பார்த்தால் வெக்டரின் (சி++ லைப்ரரியின் பட்டியல் வகை) உள் ஃபைல் ஒன்று திறந்திருக்கும். அடிக்கோடுகளில் தொடங்கும் பெயர்கள், மூன்று வரிக்கு நீளும் டெம்ப்ளேட் வகைகள். பயந்துபோய் ஸ்டெப்பை மேலும் நாலு முறை அடித்திருப்பார்கள். அதனால் இன்னும் ஆழத்துக்குப் போயிருப்பார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்காக. லினக்ஸில் ஜிசிசி கம்பைலர், ஜிடிபி டீபக்கர் இரண்டையும் வைத்துக்கொண்டு பேசுகிறேன். கட்டளைகளை நாம் வாயால் சொல்லும்படியே தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

ஏன் உள்ளே போகிறது?

பிரிண்ட்எஃப் இருக்கும் வரியில் ஸ்டெப் அடித்துப் பாருங்கள். உள்ளே போகாது, அடுத்த வரிக்கு வந்துவிடும். ஆனால் வெக்டரில் ஒரு உறுப்பை எடுக்கும் வரியில் அடித்தால் உள்ளே போய்விடும். இரண்டுமே லைப்ரரிதானே, ஏன் இந்த வித்தியாசம்?

பிரிண்ட்எஃப் ஏற்கெனவே கம்பைல் ஆகி, கணினியில் தனி ஃபைலாக இருக்கிறது. அதற்கு வரி எண் தகவல் இல்லாவிட்டால் ஜிடிபி அதற்குள் நிற்காது, தாண்டிவிடும். வெக்டர் அப்படியல்ல. அது டெம்ப்ளேட். அதன் கோடு முழுவதும் ஹெடர் ஃபைலில் இருக்கிறது. நீங்கள் கம்பைல் செய்யும்போது உங்கள் புரோகிராமோடு சேர்ந்து, நீங்கள் கொடுத்த ‘-ஜி’ கொடியோடுதான் (டீபக் தகவலைச் சேர்க்கச் சொல்வது) அதுவும் கம்பைல் ஆகிறது. எனவே ஜிடிபியின் கண்ணுக்கு அதுவும் உங்கள் கோடுதான். யார் எழுதியது என்று அது கேட்பதில்லை, வரி எண் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கிறது.

இதிலிருந்து ஒரு எச்சரிக்கையும் கிடைக்கிறது. ஜிடிபி தொடங்கும்போது சில கணினிகளில், டீபக்இன்ஃபோடி என்ற சேவையை இயக்கவா என்று கேட்கும். ஆம் என்றால், கம்பைல் ஆகிக் கிடக்கும் லைப்ரரிகளுக்கும் அது வலையிலிருந்து டீபக் தகவலை எடுத்துவரும். அதன்பின் ஸ்டெப் அவற்றுக்குள்ளும் போகத் தொடங்கலாம். புதிதாகப் பழகுகிறவர்கள் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இன்லைன் என்றால் என்ன நடக்கிறது

வண்ணாரப்பேட்டையில் துணி எடுத்துத் தைக்கக் கொடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரண ஃபங்ஷன் என்பது தையல்கடை. நீங்கள் கடைக்குப் போகிறீர்கள், வேலை அங்கே நடக்கிறது, முடிந்ததும் வீட்டுக்குத் திரும்புகிறீர்கள். கடைக்கு ஒரு வாசல் உண்டு, திரும்பி வர ஒரு வழி உண்டு. கணினியில் அந்தக் கடைதான் ஸ்டாக்கில் உருவாகும் ஃப்ரேம்.

இன்லைன் செய்வது என்றால், தையல்காரர் மெஷினைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கே வந்து உட்கார்ந்து தைக்கிறார். போகவும் வேண்டாம், வரவும் வேண்டாம். நேரம் மிச்சம். கம்பைலர் இதைத்தான் செய்கிறது: சின்ன ஃபங்ஷனின் கட்டளைகளை, அதைக் கூப்பிட்ட இடத்திலேயே பரப்பி வைத்துவிடுகிறது. கடையே இல்லை. ஸ்டாக்கில் தனி ஃப்ரேமும் இல்லை.

ஆனால் டீபக்கர் உங்களுக்கு அதைக் கடை மாதிரியே காட்டுகிறது. டுவார்ஃப் என்ற டீபக் தகவல் வடிவத்தில், இந்த முகவரியிலிருந்து இந்த முகவரி வரை இருப்பது இன்ன ஃபங்ஷனின் கோடு, அது இன்ன ஃபைலில் இன்ன வரியில் கூப்பிடப்பட்டது என்று கம்பைலர் குறித்துவைக்கிறது. அந்தக் குறிப்பைப் படித்து, இல்லாத ஃப்ரேமை ஜிடிபி இருப்பதுபோல வரைகிறது.

இதைக் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. வாதம் (ஆர்குமென்ட்) எதுவும் வாங்காத சின்ன ஃபங்ஷன் ஒன்றை எழுதி, கட்டாயம் இன்லைன் ஆகும்படி ‘ஆல்வேஸ் இன்லைன்’ என்று குறியிட்டு, அதைக் கூப்பிடும் வரியில் பிரேக்பாயின்ட் (புரோகிராம் நிற்க வேண்டிய இடம்) வையுங்கள். நின்றதும் ‘பிரிண்ட் $பிசி’ அடித்து, வரும் முகவரியை (அடுத்து ஓடவிருக்கும் கட்டளை இருக்கும் இடம்) காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இப்போது ஒரு ஸ்டெப். திரையில் ஃபங்ஷனின் உள்வரி தெரியும். மறுபடியும் ‘பிரிண்ட் $பிசி’. பல சமயம் அதே முகவரிதான் வரும். ஃபங்ஷனுக்குள் போய்விட்டோம் என்று நினைத்தீர்கள். ஆனால் கணினி ஒரு கட்டளைகூட ஓட்டவில்லை. ஜிடிபி தன் பார்வையைத்தான் ஒரு படி உள்ளே நகர்த்தியிருக்கிறது.

வகுப்பில் இதைச் செய்துகாட்டும்போது ஒவ்வொரு முறையும் அறை கொஞ்சம் அமைதியாகிவிடும். இது புரிந்த பிறகு ஸ்டெப் அங்கே ஏன் குதிக்கிறது, இங்கே ஏன் மாறி காணாமல் போகிறது என்ற கேள்விகளில் பாதி தானாகவே அடங்கிவிடும்.

கம்பைல் செய்யும்போதே கவனிக்க வேண்டியது

டீபக் செய்ய உட்காரும்போது ‘-ஜி’யோடு ‘-ஓ0’ அல்லது ‘-ஓஜி’ கொடுங்கள். முதலாவது எந்தச் சுருக்கமும் (ஆப்டிமைசேஷன்) செய்யாது. இரண்டாவது டீபக் செய்வதற்கென்றே வைத்த நிலை, ஜிசிசி 4.8-இல், 2013-இல் வந்தது. ‘-ஓ2’ கொடுத்த புரோகிராமில் நடந்தால் வரி எண் 42-லிருந்து 47-க்குப் போய் மறுபடி 42-க்கு வரும். கட்டளைகளைக் கம்பைலர் வரிசை மாற்றி அடுக்கியிருப்பதுதான் காரணம். பிழை ‘-ஓ2’-வில் மட்டும் வருகிறது என்றால் வேறு வழியில்லை, அதிலேயே நடக்க வேண்டியதுதான்.

‘-ஓ0’-விலும் ஒரு தொல்லை உண்டு. அங்கே இன்லைன் ஆவது ஏறக்குறைய நின்றுவிடும். அதனால் வெக்டரின் சதுர அடைப்பு, ஸ்மார்ட் பாயின்டரின் அம்பு, எஸ்டிடி (சி++ ஸ்டாண்டர்ட் லைப்ரரிப் பெயர்களின் முன்னொட்டு) மூவ், எஸ்டிடி ஃபார்வர்ட் எல்லாமே நிஜமான கடைகளாகிவிடும். ஸ்டெப் அடித்தால் ஒவ்வொரு கடைக்குள்ளும் ஏறி இறங்கும். இவற்றில் மூவ், ஃபார்வர்ட் இரண்டுக்குள்ளும் போய்ப் பார்க்க எதுவுமே இல்லை; வெறும் வகை மாற்றம். ஜிசிசி 12-இலிருந்து இவற்றை ஃபங்ஷனாகவே எண்ணாமல் மடித்துவிடும் கொடி ஒன்று இருக்கிறது: ‘-எஃப்ஃபோல்ட்-சிம்பிள்-இன்லைன்ஸ்’. சுருக்கம் செய்யும் நிலைகளில் தானாகவே வரும். ‘-ஓ0’-வில் நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். ‘-எஃப்நோ-இன்லைன்’ கொடுத்தாலும் இந்த வசதி அணைந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

உள்ளே விழுந்துவிட்டால்

முதலில் கையைக் கீபோர்டிலிருந்து எடுங்கள். பிறகு ‘பேக்ட்ரேஸ்’ அடித்து எங்கே நிற்கிறோம் என்று பாருங்கள். பட்டியலில் உங்கள் ஃபைலின் பெயர் முதலில் எந்த எண்ணில் வருகிறது என்று பிடியுங்கள். அதுதான் உங்கள் வீடு.

‘அப்’ கட்டளைக்கும் ‘ஃபினிஷ்’ கட்டளைக்கும் உள்ள வேறுபாட்டில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். ‘அப்’ புரோகிராமை ஓட்டாது. நின்ற இடத்திலிருந்தே, கூப்பிட்டவரின் கண்ணால் பார்க்கவைக்கும், அவ்வளவுதான். அங்கே ‘இன்ஃபோ லோக்கல்ஸ்’ அடித்தால் அந்த ஃப்ரேமின் மாறிகள் தெரியும். உள் ஃப்ரேமில் ‘ஆப்டிமைஸ்ட் அவுட்’ என்று காட்டும் மதிப்பு, ஒரு படி மேலே போனால் கூப்பிட்டவரின் மாறியில் பத்திரமாக இருப்பதும் உண்டு. பார்த்து முடித்ததும் மறுபடி ஸ்டெப் அடித்தால், புரோகிராம் நின்ற உள் ஃப்ரேமிலிருந்தே நடக்கும். ‘அப்’ அடித்துவிட்டு அடிக்கும் ஸ்டெப், நெக்ஸ்ட் எல்லாம் தேர்ந்தெடுத்த ஃப்ரேமை அல்ல, உள் ஃப்ரேமை ஒட்டியே நடக்கும் என்பதால், பார்க்க மட்டும் போனவர்கள் குழம்பாமல் ‘ஃப்ரேம் 0’ அடித்துத் திரும்பிவிடுங்கள்.

‘ஃபினிஷ்’ புரோகிராமை உண்மையிலேயே ஓட்டி, அந்த ஃபங்ஷன் முடிந்து கூப்பிட்ட இடத்தில் நிறுத்தும். நிஜமான ஃபங்ஷன் என்றால் திரும்பி வந்த மதிப்பையும் அச்சிடும். இன்லைன் ஆனது என்றால் அச்சிடாது. கடையே இல்லாததால் கவுன்டரில் கொடுத்த பொருள் என்று ஒன்று இல்லை. மதிப்பு எந்த ரிஜிஸ்டரில் போனது என்று ஜிடிபிக்குத் தெரியாது. அந்த மதிப்பு வேண்டும் என்றால் கோடில் அதை ஒரு மாறியில் வாங்கிவைத்து எழுதுங்கள்.

நாலு அடுக்கு உள்ளே போயிருந்தால் நாலு முறை ‘ஃபினிஷ்’ அடிக்கத் தேவையில்லை. ‘அப்’ அடித்து உங்கள் ஃப்ரேமுக்குக் கீழே, அதாவது அதைவிட ஒரு எண் குறைந்த ஃப்ரேமுக்கு வந்து, அங்கிருந்து ஒரே ‘ஃபினிஷ்’. அல்லது இன்னும் எளிது: உங்கள் ஃபைலின் அடுத்த வரி எண்ணைக் கொடுத்து ‘அட்வான்ஸ்’ அடியுங்கள்.

எது இன்லைன், எது நிஜம் என்று பட்டியலிலேயே தெரிந்துகொள்ளவும் வழி உண்டு. ஒரு ஃப்ரேமைத் தேர்ந்தெடுத்து ‘இன்ஃபோ ஃப்ரேம்’ அடித்தால், இன்லைன் ஆனதாக இருந்தால் இன்ன எண் ஃப்ரேமுக்குள் இன்லைன் ஆகியிருக்கிறது என்று தெளிவாகச் சொல்லும்.

விழாமலே இருக்க: ஸ்கிப்

ஜிடிபியில் 2012-இலிருந்து ‘ஸ்கிப்’ கட்டளை இருக்கிறது. லைப்ரரி ஃபங்ஷனுக்குள் மாட்டிக்கொண்ட அந்த நொடியில், வேறெதுவும் சேர்க்காமல் ‘ஸ்கிப்’ என்று மட்டும் அடியுங்கள். நிற்கும் ஃபங்ஷனை இனி ஸ்டெப் தாண்டிப் போகும். ‘ஸ்கிப் ஃபைல்’ என்றால் அந்த ஃபைல் முழுவதையும் தாண்டும். ஒட்டுமொத்தமாக வேண்டும் என்றால் ‘ஸ்கிப் -ஆர்எஃப்யு ^எஸ்டிடி::’ என்று ஒரு வரி போதும். எஸ்டிடி என்று தொடங்கும் ஃபங்ஷன்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். வீட்டு அடைவில் இருக்கும் ஜிடிபி தொடக்க ஃபைலில் இதை எழுதிவைத்தால் ஒவ்வொரு முறையும் தட்ட வேண்டியதில்லை. என்னென்ன தாண்டச் சொல்லியிருக்கிறோம் என்று ‘இன்ஃபோ ஸ்கிப்’ காட்டும்.

ஒரு வரியில் மூன்று நான்கு கூப்பிடல்கள் இருக்கும்போதுதான் இதன் அருமை தெரியும். வெக்டரிலிருந்து ஒரு உறுப்பை எடுத்து, அதை ஸ்ட்ரிங்காக மாற்றி, உங்கள் ஃபங்ஷனிடம் கொடுக்கும் வரி என்று வையுங்கள். ஸ்கிப் இல்லாவிட்டால் ஸ்டெப் முதலில் வெக்டருக்குள், அப்புறம் ஸ்ட்ரிங்குக்குள் போய்விட்டு, கடைசியாகத்தான் உங்கள் ஃபங்ஷனுக்கு வரும். ஸ்கிப் இருந்தால் நேராக உங்கள் ஃபங்ஷன்.

ஆனால் இதை யாருக்குச் சொல்லித்தந்தாலும் இதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். லைப்ரரியைத் தாண்டினால், லைப்ரரி வழியாகக் கூப்பிடப்படும் உங்கள் கோடையும் சேர்த்துத் தாண்டிவிடும். எஸ்டிடி சார்ட்டுக்கு நீங்கள் கொடுக்கும் லாம்டா (பெயரில்லாத சின்ன ஃபங்ஷன்), ஃபார் ஈச்சுக்குக் கொடுக்கும் ஃபங்ஷன், மேக் யுனிக் வழியாக ஓடும் உங்கள் கன்ஸ்ட்ரக்டர் எல்லாம் அப்படித்தான். ஸ்டெப் அவற்றுக்குள் போகாது. நீங்களோ அந்தக் கோடு ஓடவே இல்லை என்று முடிவுகட்டிவிடுவீர்கள். ஓடியிருக்கும். பார்க்க வேண்டும் என்றால் லாம்டாவின் உள்வரியில் நேராக ஒரு பிரேக்பாயின்ட் வையுங்கள். ஸ்கிப் ஸ்டெப்பை மட்டும்தான் கட்டுப்படுத்தும், பிரேக்பாயின்டைத் தொடாது. ஒரே ஒரு முறை நின்றால் போதும் என்றால் ‘டிபிரேக்’.

இன்லைன் ஆன ஃபங்ஷனில் பிரேக்பாயின்ட் வைத்தால், ‘இன்ஃபோ பிரேக்பாயின்ட்ஸ்’ பட்டியலில் 1.1, 1.2, 1.3 என்று ஒன்றே பலவாக வரும். தையல்காரர் எத்தனை வீட்டில் உட்கார்ந்திருக்கிறாரோ அத்தனை இடம். அதில் வேண்டாததை ‘டிசேபிள் 1.2’ என்று தனியாக அணைக்கலாம்.

17-வது வரியில் விழுந்த கணக்கு

வியாசர்பாடியிலிருந்து வரும் மாணவி ஒருத்தி காசிமேட்டு மீன் ஏலக் கணக்குக்கு ஒரு புரோகிராம் எழுதினாள். அப்பா விடிகாலையில் நோட்டில் எழுதிவரும் கணக்கு: மீன் பெயர், எடை, கிலோ விலை. விலை குறைவானது மேலே வரும்படி எஸ்டிடி சார்ட் வைத்து அடுக்கினாள். ஐந்து வரி, பத்து வரி கொடுத்துச் சோதித்தாள், அருமையாக ஓடியது. ஒருநாள் சோதனைக்காக சங்கரா மீன் ஒரே விலையில் 20 வரி ஒட்டிவைத்து ஓட்டினாள். செக்மென்டேஷன் ஃபால்ட்.

பேக்ட்ரேஸ் எடுத்ததும் மேலே அவளுடைய லாம்டா, அதற்குக் கீழே அடிக்கோட்டுப் பெயர்களாக லைப்ரரி ஃப்ரேம்கள் வரிசையாக, அதற்கும் கீழே அவளுடைய ஃபங்ஷன். “அக்கா, லைப்ரரியில ஏதோ தப்பு இருக்கு போல” என்றாள். அந்த லைப்ரரி ஃப்ரேம்களைப் படிக்க வேண்டாம் என்று சொன்னேன். ஒரு பிரேக்பாயின்டை லாம்டாவுக்குள் போடச் சொல்லி, வரும் வரியில் மீன் பெயர் காலியாக இருந்தால் மட்டும் நிற்கும்படி நிபந்தனை கொடுத்தோம். நின்றது. இடப்பக்க வரியை அச்சிட்டால் பெயர் காலி, விலை 0.

அவள் உள்ளிட்ட 20 வரியில் விலை 0 என்று ஒன்றுமே இல்லை. அப்படியானால் சார்ட் அவளுடைய பட்டியலின் எல்லையைத் தாண்டி வெளியே படித்துக்கொண்டிருக்கிறது. ஏன் தாண்டுகிறது? லாம்டாவைப் பார்த்தாள்: சிறியது என்ற குறிக்குப் பதில், சிறியது அல்லது சமம் என்ற குறி. சார்ட் கேட்பது கறாரான ஒப்பீடு. ஒரு பொருளை அதனோடே ஒப்பிட்டால் பொய் என்று வர வேண்டும். சமம் என்பதற்கும் உண்மை என்று சொன்னால், பிரிக்கும் சுற்று நிற்க ஒரு சுவர் இல்லாமல் போய்க்கொண்டே இருக்கும்.

பத்து வரியில் ஏன் விழவில்லை என்பதற்கும் விடை அந்த ஹெடரில்தான் இருந்தது. ஜிசிசியோடு வரும் லைப்ரரியில் 16 உறுப்பு வரை எளிய செருகல் முறையில் அடுக்கிவிடும். அந்த வழியில் இந்தப் பிழை எல்லையைத் தாண்டவைப்பதில்லை. 16-ஐத் தாண்டினால்தான் பிரித்து அடுக்கும் வழிக்கே போகும். அன்று அந்த 16 என்ற எண்ணைத் தேடி லைப்ரரி ஃபைலைத் திறந்தோம், படித்தோம், மூடினோம். லைப்ரரிக்குள் போவது தப்பே இல்லை. கையில் ஒரு கேள்வியோடு போங்கள், விடை கிடைத்ததும் திரும்பிவிடுங்கள்.

இந்த வகைப் பிழைக்கு டீபக்கருக்கு முன்பே ஒரு வாசல் இருக்கிறது. கம்பைல் செய்யும்போது ஜிஎல்ஐபிசிஎக்ஸ்எக்ஸ் டீபக் என்ற மேக்ரோவை வரையறுத்துவிட்டால், சார்ட் தொடங்கும்போதே ஒப்பீட்டைச் சோதித்து, தன்னோடு தன்னை ஒப்பிட்டால் உண்மை வருகிறது என்று சொல்லி நிறுத்திவிடும். புரோகிராம் மெதுவாகும், பழகும் காலத்தில் அது பெரிய விஷயமே இல்லை. அதன் பெயர் ஒரு அடிக்கோட்டில் தொடங்கும், எல்லாம் பெரிய எழுத்து.

வேறு டீபக்கரில் இருப்பவர்களுக்கு

எல்எல்டிபி பயன்படுத்துகிறவர்களுக்கு எஸ்டிடி என்று தொடங்கும் ஃபங்ஷன்களைத் தாண்டும் ஏற்பாடு முதலிலிருந்தே அமைப்பில் இருக்கிறது. உள்ளே போக வேண்டும் என்றால்தான் ‘ஸ்டெப் அவாய்ட் ரெஜெக்ஸ்ப்’ அமைப்பைக் காலி செய்ய வேண்டும். பேக்ட்ரேஸில் இன்லைன் ஃப்ரேமின் பக்கத்திலேயே ‘இன்லைன்ட்’ என்று எழுதியும் காட்டும். விண்டோஸில் விஷுவல் ஸ்டுடியோவில் இந்த வேலையைச் செய்வது ‘ஜஸ்ட் மை கோட்’; சி++-இல் ஸ்டெப் அடிக்கும்போதும் அதை மதிப்பது 2017 பதிப்பின் 15.8-இலிருந்து. விஎஸ் கோடில் ஜிடிபியோடு வேலை செய்கிறீர்கள் என்றால், லாஞ்ச் ஃபைலின் ‘செட்டப் கமாண்ட்ஸ்’ பகுதியில் மேலே சொன்ன ஸ்கிப் வரியைச் சேர்த்துவிடுங்கள். எஃப்11 பொத்தான் அதன்பிறகு உங்கள் கோடிலேயே நடக்கும்.